ஸ்டேங்கர் மேட்டில் 5ஜி: சின்னம் வருகிறது, வேகம் வரவில்லை

கரும்புக்காடு:
தென்னாப்பிரிக்காவின் ஸ்டேங்கரிலிருந்து உள்ளே, மேட்டுப் பக்கம், நாலாபுறமும் கரும்பு. 5ஜி ரூட்டரைச் சன்னலோரம் வைத்தால் சின்னம் வருகிறது. பகலில் 6 எம்பிபிஎஸ், சாயங்காலம் 2. ரூட்டர் காட்டுவது: பேண்ட் என்78 (3.5 கிகாஹெர்ட்ஸ்), ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) -112, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேல்) 1. டவர் எதிர் மேட்டில் தெரிகிறது, 6 கிலோமீட்டர் இருக்கும். கூரையில் ஆன்டெனா வைத்து 15 மீட்டர் கேபிள் இழுக்கவா, இல்லை பூஸ்டர் வாங்கவா?

மேட்டுக்காற்று:
பூஸ்டர் வேண்டாம் அண்ணா. இக்காசா (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒப்புதல் இல்லாத பெட்டி சட்டப்படி செல்லாது. அதோடு எஸ்ஐஎன்ஆர் 1 என்றால் இரைச்சலும் சிக்னலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பூஸ்டர் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கேபிளும் அதே கதைதான். 3.5 கிகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் தின்னும். 15 மீட்டரில் ஆன்டெனா கொடுத்ததெல்லாம் போய்விடும். தடித்த எல்எம்ஆர்-400 என்றால் 4 டெசிபலோடு நிற்கும், ஆனால் இரண்டு கேபிள் வேண்டும், விலையும் கடிக்கும். வெளியில் வைக்கும் ரூட்டரையே கம்பத்தில் ஏற்றுங்கள். கீழே வருவது ஈதர்நெட் மட்டும். பிஓஇ-யில் (அதே கேபிளில் மின்சாரமும் போகும் முறை) 100 மீட்டர் வரை போகும். கேபிள் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் நீளத்தில் மின்னழுத்தம் விழுந்து ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எரியும்.

கம்பத்தின் உயரத்தை அறுவடை முடிந்த வயலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கரும்பு 3 மீட்டருக்கு மேல் வளரும், நனைந்த தோகை 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். 6 கிலோமீட்டர் பாதையின் நடுவில் ஃப்ரெனல் வளையத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலைக்குத் தேவைப்படும் வெளி) ஆரம் 11 மீட்டர். அதில் 60 சதவீதமாவது காலியாக வேண்டும். நடுவில் தைலமரத் தோப்பு இருந்தால் கம்பத்தை உயர்த்திப் பயனில்லை.

அலைவரிசை:
தோப்பு இருந்தால் என்78-ஐ விட்டுவிட்டு 4ஜி-யை 700 மெகாஹெர்ட்ஸில், அதாவது பேண்ட் 28-இல் பூட்டிப் பாருங்கள். வெற்றுவெளியிலேயே 14 டெசிபல் இழப்பு குறைவு, மேடு பள்ளத்திலும் வளைந்து வரும். 2022 அலைக்கற்றை ஏலத்தில் 700-உம் விற்கப்பட்டது. அனலாக் டிவி அந்த இடத்தைக் காலி செய்யாததால்தான் பயன்பாட்டுக்கு வரத் தாமதமானது. உங்கள் டவரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திணறும் 5ஜி-யைவிட நிற்கும் 4ஜி மேல்.

விடியற்காலை 3 மணிக்கும் ஒருமுறை வேகம் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி அப்படியே இருந்து வேகம் மட்டும் ஏறினால் டவரில் நெரிசல். அதற்கு ஆன்டெனா மருந்தில்லை.

மேட்டுக்காற்று:
மின்னல் மறந்துவிட்டது. கம்பத்திலிருந்து 16 சதுர மிமீ செம்புக் கம்பி எர்த்துக்கு. தனிக் குழி வெட்டினாலும் வீட்டு எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு ஈதர்நெட் வழியாக ரூட்டருக்குள் பாயும். ஈதர்நெட் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) தடுப்பான்.

கரும்புக்காடு:
நன்றி தம்பி. 4ஜி பக்கத்தில் டிஏ 31 என்று ஓர் எண் வருகிறது. அது என்ன?

அலைவரிசை:
டவர் எவ்வளவு தூரம் என்று காட்டும் எண். ஒரு படி 78 மீட்டர். 31 என்றால் சுமார் 2.4 கிலோமீட்டர். எதிரொலியால் டிஏ கூடலாம், குறையாது. ஆக 4ஜி-யில் நீங்கள் பிடித்திருப்பது எதிர் மேட்டு டவரே இல்லை! செல்லின் அடையாளமான பிசிஐ எண்ணைக் குறித்துக்கொண்டு, வீட்டின் நாலு பக்கமும் ரூட்டரை ஐந்தைந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். எஸ்ஐஎன்ஆர் எங்கே அதிகமோ அந்தப் பக்கம் கம்பம் நடுங்கள்.