காமிக்ஸைப் படித்துவிட்டு அதன் படத்தைப் பார்த்த அனுபவங்கள்

எங்கள் நண்பர் குழுவில் புதிய காமிக்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், அதிரடிப் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாலும், பேச்சு கடைசியில் "படம் புத்தகத்தைப் போலவே இருக்கிறதா?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். ஒரு நண்பர் 1998-இல் வந்த ஃபிராங்க் மில்லரின் '300' காமிக்ஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, 2007-இல் வெளியான படத்தை அங்கங்கே நிறுத்தி, ஈட்டிகளின் சாய்வு முதல் செந்நிற மேலாடையின் மடிப்பு வரை ஒப்பிட்டுக் காட்டினார். பல காட்சிகள் அப்படியே பொருந்தின என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. அந்தக் காமிக்ஸில் ஒவ்வொரு காட்சியும் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து அகலமாக வரையப்பட்டிருப்பதால், விரும்பும் வரை அதிலேயே கண்ணை நிறுத்தி வைக்கலாம். திரையில் அந்த வசதி இல்லை. சண்டை நடுவே காட்சி திடீரென மெதுவாகி, பிறகு சட்டென வேகமெடுப்பது, வாசகர் தாமாகவே எடுத்துக்கொள்ளும் அந்த நிதானத்தை இயக்குநரே நமக்கு அளந்து கொடுப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அது வெறும் அழகுக்காகச் செய்யப்பட்டது என்றே இன்றும் வாதிடுகிறார்.

*

மேலே சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். 1986-87 காலத்தில் பன்னிரண்டு இதழ்களாக வந்த 'வாட்ச்மென்' காமிக்ஸின் ஐந்தாம் இதழ், கண்ணாடியில் பார்ப்பதைப் போல, முதல் பக்கத்தின் படக் கட்டங்களின் அமைப்பு கடைசிப் பக்கத்திலும், இரண்டாம் பக்கத்தினுடையது அதற்கு முந்தைய பக்கத்திலும் எதிரொலிக்கும்படி அமைக்கப்பட்டது. சரியாக நடுவில் விரியும் இரு பக்கங்களில் ஒரு கொலை முயற்சியும் அதற்கான பதிலடியும் நிகழ்கின்றன. காகிதப் புத்தகத்தில் படித்த எனக்கு அந்த இடம் வந்தபோது பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. அதே கதையைக் கைபேசியில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளித் தள்ளிப் படித்த என் தோழிக்கோ அப்படி ஓர் அமைப்பு இருந்ததே தெரியவில்லை. "சண்டை நன்றாக இருந்தது, அவ்வளவுதான்" என்றார். படம் 2009-இல் வந்தது. பக்கம் என்ற ஒன்றே இல்லாத திரையில் இந்த வித்தையை எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பதால், அதற்காகப் படத்தைக் குறை சொல்பவர்களோடு நான் சேர்வதில்லை. (கைபேசியில் படிப்பவர்களைக் குறை சொல்வேன்.)

*

நான் எதிர்த்திசையிலிருந்து வந்தவன். படங்களில் ஊறிய பிறகே காமிக்ஸ் பக்கம் வந்தேன். 2015-இல் வெளியான 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' எந்தக் காமிக்ஸையும் தழுவியதன்று. ஆனாலும் இயக்குநர் ஜார்ஜ் மில்லர், காமிக்ஸ் ஓவியரான பிரெண்டன் மெக்கார்த்தியையும் உடன் வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 3,500 கட்டங்கள் கொண்ட ஸ்டோரிபோர்டாகவே (காட்சிகளைப் படமெடுக்கும் முன் வரிசையாக வரைந்து வைப்பது) அதை முதலில் உருவாக்கினார். இதைப் படித்துவிட்டு நண்பர்களோடு மறுபடியும் படத்தைப் பார்த்தபோது, முக்கியமான அசைவு எதுவாக இருந்தாலும் அது திரையின் நடுவிலேயே வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தோம். ஷாட்டுகள் மின்னலாக மாறினாலும், யார் யாரை அடித்தார் என்று தேட வேண்டிய அவசியம் வரவில்லை. காமிக்ஸ் பக்கம் இதற்கு நேர்மாறு: அது கண்ணை மேலிருந்து கீழாக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அலையவிடுகிறது. ஓங்கிய கை ஒரு கட்டத்தில், விழுந்துகிடக்கும் ஆள் அடுத்த கட்டத்தில். நடுவில் உள்ள அடியை நாமே கற்பனையில் அடித்துக்கொள்கிறோம்.

புத்தகமா, படமா, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் 'ஸ்னோபியர்சர்' படத்தைச் சொல்வது வழக்கம். 1982-இல் தொடங்கிய பிரெஞ்சுக் காமிக்ஸிலிருந்து, உறைந்த உலகில் நிற்காமல் ஓடும் ரயிலையும் அதன் பெட்டிகளில் நிலவும் ஏற்றத்தாழ்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இயக்குநர் போங் ஜூன்-ஹோ தம் 2013-ஆம் ஆண்டுப் படத்துக்கு வேறு மாந்தர்களையும் வேறு முடிவையும் எழுதினார். எதை முதலில் எடுத்தாலும் மற்றதன் முடிவு அதனால் கெட்டுப்போகாது.