வில்ஹெல்ம் கெம்ஃப்: எந்தப் பதிவில் தொடங்குவது?

திருநகர் வாசகர்:
மதுரையில் மாதம் ஒருமுறை பத்துப் பதினைந்து பேர் கூடி இசை கேட்கிறோம். எல்லாரும் கர்நாடக இசையில் ஊறியவர்கள். அடுத்த கூட்டம் ஜெர்மன் பியானோ கலைஞர் வில்ஹெல்ம் கெம்ஃப் பற்றியது. ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அவர் வாழ்க்கையில் எதைச் சொல்வது, எதைப் போட்டுக் காட்டுவது? பீத்தோவன் சொனாட்டாக்களே (ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கான, பல பகுதிகள் கொண்ட படைப்புகள்) ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. பியானோ கற்கும் மாணவி ஒருத்தி, கெம்ஃப் பியானோவுக்கு அமைத்த பாஹ் 'சிசிலியானோ'வை அங்குள்ள அப்ரைட் (நிமிர்ந்த பெட்டி வடிவ) பியானோவில் வாசிக்கப்போகிறாள். அதற்கும் யோசனை சொல்லுங்கள்.

ஆர்கன் பிரியர்:
ஐயா, பீத்தோவனில் தொடங்காதீர்கள். தேவாலயத்தில் தொடங்குங்கள். கெம்ஃப் 1895 நவம்பர் 25-இல் யூட்டர்போக்கில் பிறந்து, பெர்லினுக்குப் பக்கத்திலுள்ள போட்ஸ்டாமில் வளர்ந்தார். அப்பா அங்கே நிக்கோலாய் தேவாலயத்தில் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய கட்டை வாத்தியம்) வாசித்தவர். மகனும் கடைசிவரை ஆர்கனை விடவில்லை. 1954-இல் ஹிரோஷிமா தேவாலயத்தில்கூட வாசித்தார். பெர்லின் இசைக் கல்லூரியில் பியானோவுக்குக் கார்ல் ஹைன்ரிக் பார்த், இசையமைப்புக்கு ராபர்ட் கான் என்று இரண்டு ஆசிரியர்கள். இந்த இரண்டாவது பயிற்சியைக் கட்டாயம் சொல்லுங்கள். பீத்தோவன் கான்செர்ட்டோக்களில் (தனி வாத்தியமும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) வாத்தியக்குழு நின்று பியானோ மட்டும் தனியாக விரியும் கெடென்சா என்ற பகுதியைப் பெரும்பாலும் தானே எழுதி வாசித்தார். நம் ஆட்களுக்கு அது உடனே பிடிபடும்.

1924 முதல் 1929 வரை ஸ்டுட்கார்ட் இசைக் கல்லூரியின் தலைவர். 1936-இல் முதல் ஜப்பான் பயணம், லண்டனில் 1951, நியூயார்க்கில் 1964. 1957 முதல் இத்தாலியின் பொசிட்டானோவில் ஆண்டுதோறும் பீத்தோவன் வகுப்பு நடத்தினார். பார்க்கின்சன் நோயால் மேடையை விட்டார். 1991 மே 23-இல் அதே ஊரில் காலமானார். நாஜி ஆட்சி 1944-இல் தயாரித்த சலுகைக் கலைஞர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அதை மறைக்காமல் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், கேட்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

தட்டு சேகரிப்பவர்:
முதலில் ஒரு எச்சரிக்கை. தேடும்போது வில்ஹெல்ம் பாக்ஹௌஸ் வந்து குறுக்கே நிற்பார். அவரும் ஜெர்மன்காரர், அவரும் பீத்தோவன் சொனாட்டாக்களைப் பதிந்தவர். அவர் டெக்கா நிறுவனத்துக்கு, கெம்ஃப் டாய்ச்ச கிராமோஃபோனுக்கு. கெம்ஃப் 32 சொனாட்டாக்களையும் அங்கே இரண்டு முறை பதிந்தார்: 1951–56 மோனோ, 1964–65 ஸ்டீரியோ. செயலிகளில் இரண்டுக்கும் புதிய மறுவெளியீட்டு ஆண்டைத்தான் போட்டிருப்பார்கள், அதை நம்ப வேண்டாம், பதிவான ஆண்டைப் பாருங்கள். விரல்களின் உறுதிக்கு மோனோவைத்தான் நான் மேலாகச் சொல்வேன். ஆனால் கூட்டத்துக்கு ஸ்டீரியோ போதும், ஒலி தெளிவாக இருக்கும்.

கர்நாடக இசைக் காதுகளுக்கு என் தேர்வு 1969-இல் பதிவான பாஹ் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் தொடக்க மெட்டான ஏரியா. அச்சில் உள்ள அலங்காரங்களை ஏறக்குறைய எல்லாவற்றையும் கெம்ஃப் விட்டுவிட்டு வெறும் மெட்டை மட்டும் வாசிக்கிறார். வேறொருவர் அலங்காரத்தோடு வாசித்ததை முதலில் போட்டு, உடனே இதைப் போடுங்கள். கமகம் இல்லாத ஸ்வரத்தை எப்படி உயிரோடு நிறுத்துகிறார் என்று அவர்களே பேசத் தொடங்கிவிடுவார்கள். அடுத்து பீத்தோவனின் நான்காம் கான்செர்ட்டோ, ஃபெர்டினாண்ட் லைட்னர் நடத்திய 1961 பெர்லின் ஃபில்ஹார்மோனிக் பதிவு. பியானோ தனியாக ஐந்து பார் (நம் தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) வாசித்த பிறகுதான் வாத்தியக்குழு நுழையும். முடிவில் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, பட்டியல் எண் டி. 960. ஷூபர்ட் சொனாட்டாக்களை அவர் 1965–69-இல் பதிந்தார்.

அந்த டி. 960-இல் எட்டாவது பாரில் இடது கைக்குக் கீழ் ஸ்தாயியில் மிக மெல்லிய ஒலியில் ஒரு டிரில் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்கள் வேகமாக மாறி மாறி ஒலிப்பது) வரும். முழு சொனாட்டாவின் மர்மமும் அதில்தான் இருக்கிறது. மொபைல் ஸ்பீக்கரில் அது காதில் விழாது, ஃபேன் ஓடினாலும் முழுங்கிவிடும். சித்திரை, வைகாசியில் மதுரையில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் கூட்டம் எழுந்து போய்விடும். மார்கழி மாலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பியானோ ட்யூனர்:
மாணவிக்கு: சிசிலியானோ பாஹ் பெயரில் வழங்கும் புல்லாங்குழல் சொனாட்டா ஒன்றின் நடுப்பகுதி (பாஹ் படைப்புப் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1031, பாஹ்தான் எழுதினாரா என்ற ஐயம் உண்டு). ஸ்வர அமைப்பு ஜி மைனர், தாளம் 6/8. புள்ளி வைத்து நீட்டிய எட்டில்-ஒரு-பங்கு ஸ்வரத்துக்குப் பிறகு வரும் குட்டி ஸ்வரத்தை அவசரப்படுத்துவதுதான் வழக்கமான தவறு. ஆறாகப் பிரித்து எண்ணி வாசித்தால் சரியாகும். முதலில் மெட்டை வாயால் பாடச் சொல்லுங்கள், அப்புறம் துணை ஸ்வரங்களை மட்டும் மிக மெல்ல வாசிக்க வேண்டும், கடைசியில்தான் சேர்க்க வேண்டும். பியானோ ஸ்வரம் வீணையைப் போலத் தட்டியதும் தேயத் தொடங்கும். நீண்ட ஸ்வரம் எவ்வளவு தேய்ந்ததோ, அந்த அளவிலிருந்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். கெம்ஃப் வாசிப்பதில் மெட்டு பாடுவது போலக் கேட்கப் பெரிய காரணம் இதுதான். ஒலியை நீட்டும் வலது பெடலை ஸ்வரக்கூட்டு மாறும்போதெல்லாம் எடுத்து மறுபடி மிதிக்கட்டும்.

அப்ரைட்டில் இடது பெடல் சுத்தியலைக் கம்பிக்கு அருகே நகர்த்தும், அவ்வளவுதான். கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் சுத்தியல்கள் பக்கவாட்டில் நகர்வதால் நாதத்தின் நிறமே மாறும், இதில் மாறாது. அதை மிதித்தால் கட்டைகளில் பிடிப்பு தளர்ந்தது போலத் தெரியும். விரலாலேயே மெல்ல வாசிப்பது நல்லது.

திருநகர் வாசகர்:
நன்றி சார். கார்த்திகை கடைசியில் வைக்கலாமா? ட்யூனிங் எப்போது?

பியானோ ட்யூனர்:
ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒலிப்பலகை ஈரம் குடித்து உப்பும். நடு ஸ்தாயி மற்றதைவிட அதிகமாக ஏறிவிடும், சில கட்டைகளும் ஒட்டிக்கொள்ளும். மழை விட்டு ஒரு வாரம் கழிந்த பிறகு ட்யூன் செய்யுங்கள், நிகழ்ச்சியன்று காலையில் நடு ஸ்தாயியை மட்டும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பியானோவை வேறு அறைக்கு மாற்றுவதானால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். மழைச்சாரல் படும் வெளிச்சுவரையும் ஜன்னலையும் ஒட்டிப் போட வேண்டாம்.