புதுப்பிப்பு: ரூம்மேட்டும் ராத்திரி 2 மணியும்

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, வேளச்சேரியில என்கூட தங்கியிருக்கிறவளுக்கு டிப்ரஷன், ராத்திரி 2 மணி வரைக்கும் அழுவா, ஆறுதல் சொல்லிட்டு நான் ஆபீஸ்ல தூங்கி வழியுறேன்னு. "உட்கார வெச்சுப் பேசு"ன்னீங்க. பேசிட்டேன்.

ஞாயித்துக்கிழமை, அவ கொஞ்சம் தெளிவா இருந்த நேரம். டீயைக் கையில குடுத்துட்டு சொன்னேன்: "11 மணிக்கு மேல நான் தூங்கணும்டி. உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கத் தோணுச்சுன்னா எந்நேரமும் எழுப்பு. மத்தது காலையில." பதிலே இல்ல. டீ மேல ஆடை படிஞ்சுது. ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. குற்ற உணர்ச்சி என்னைப் பிடுங்கித் தின்னுச்சு.

மூணாம் நாள் ஃபிரிட்ஜ் கதவுல 14416னு எழுதி ஒட்டியிருந்தா. நான் குடுத்த நம்பர்தான். டெலி மானஸ், அரசோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம்.

மாத்திரை ஆரம்பிச்சிருக்கா. 10 நாள்ல "ஒண்ணும் கேட்கல, நிறுத்திடறேன்"னா. பலன் தெரிய சில வாரம் ஆகும். திடீர்னு நிறுத்தவும் கூடாது. "டாக்டரைக் கேளு"ன்னதோட நிறுத்திக்கிட்டேன். முன்ன மாதிரி அட்டையை எண்ணிப் பார்க்கிறதில்ல. அவங்கம்மா எனக்குப் போன் போட்டு விசாரிச்சா, "அவகிட்டயே கேளுங்கம்மா"ங்கிறேன்.

அவ கழுவாம போட்டு வைக்கிற பாத்திரம் விஷயத்துல மட்டும் தோல்விதான். நாத்தம் தாங்காம நானே தேய்ச்சுடறேன்.

நேத்து 10:50க்கு என் ரூம் வாசல்ல வந்து நின்னா. கடிகாரத்தைப் பார்த்துட்டு, "இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல?"ன்னா. நகர்ந்து இடம் விட்டேன்.