ஏழு மீட்டரை எங்கிருந்து அளப்பது?

தேயிலைத்தூள்:
குன்னூர்ப் பக்கம் நேற்று நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். தேயிலை போட்ட சரிவு நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றி, குறைந்த விலையில் அடுக்குமாடி வீடு கட்டப் போகிறார்களாம். ஒருவர் எழுந்து, "ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடிதான் தெரியும், 7 மீட்டர் உயர வரம்புக்குள் அடங்கிவிடும்" என்றார். பலத்த கைதட்டல் வேறு! ரோட்டுக்குக் கீழே மூன்று மாடி இறங்குகிறதே, அது யார் கணக்கு? கீழேயிருந்து டேப் பிடித்துப் பாருங்கள் சாமி.

லைன்வீடு:
அந்த ஒருவர் நான்தான் அண்ணே. 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். மூன்றாவது தலைமுறையாக அதே தோட்டத் தொழிலாளர் லைன் வீடு. ஆடி மாசம் சுவரோரம் படுத்தால் பாய் நனையும். உங்களுக்கு டேப் கவலை.

தேயிலைத்தூள்:
வீடு வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? கீழேயிருந்து அள என்கிறேன். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. நீலகிரி மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். மண் சரியும்போது ரோட்டிலிருந்து எத்தனை மாடி தெரிகிறது என்று கேட்டுவிட்டா சரிந்தது? எங்கள் தடுப்புச் சுவரில் ஏழு பைப் விட்டிருக்கிறோம். அதில் தெளிந்த தண்ணீர் வந்தால் தூங்குவேன். செம்மண் கலங்கி வந்தால் விடிய விடிய டார்ச்சும் கையுமாக நிற்பேன்.

சீகைமரம்:
ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது. ஏன் இத்தனை பதற்றம்?

தேயிலைத்தூள்:
கொடைக்கானலில் விதியை மீறி ஏழு மாடி ஹோட்டல் எழும்பி, முன்னாள் முதல்வர் வரை கோர்ட்டுக்குப் போகவில்லையா? அங்கேயும் மாடிக் கணக்குதான்.

லைன்வீடு:
அது ஹோட்டல். இது வீடு. எட்டு பேர் ஒரே அறையில் படுக்கிற வீடு.

கோத்தகிரி மாமா:
மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். நடு மண்ணிலிருந்து அளக்கணும். எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் அளந்தோம்.

தேயிலைத்தூள்:
எந்த வீடு மாமா? சனி ஞாயிறில் எட்டு கார் நிற்கிறதே, அதுவா? கூட்டத்துக்கு முந்தின நாள் ஹோம்ஸ்டே போர்டைக் கழற்றியதை ஊரே பார்த்தது.

கோத்தகிரி மாமா:
போர்டு பெயின்ட் அடிக்கப் போயிருக்கிறது தம்பி. உன் மச்சான் போன மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஜேசிபி ஓட்டினாரே, அது கலெக்டர் அனுமதியோடா?

தேயிலைத்தூள்:
மச்சானை ஏன் இழுக்கிறீர்கள்? அது சரிந்து விழுந்த மண்ணை அள்ளியது.

கோத்தகிரி மாமா:
அள்ளின இடத்தில் மறுநாளே பில்லர் முளைத்ததாமே!

லைன்வீடு:
ஆக, பில்லர் வைத்தவரும் போர்டைக் கழற்றியவரும் சேர்ந்து எனக்கு மலையைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்கள். ரொம்ப நல்லது.

சீகைமரம்:
கூட்டத்தில் தேயிலைத்தூள் பேசவே இல்லையே? டீயும் வடையும் முடிந்ததும் கிளம்பிவிட்டார்.

தேயிலைத்தூள்:
மைக் கொடுக்கவில்லை. வடையும் ஆறிப்போயிருந்தது. விஷயத்துக்கு வாருங்கள், 7 மீட்டர் எங்கிருந்து? ஞாயிற்றுக்கிழமை முப்பது மீட்டர் டேப்போடு அந்தச் சரிவுக்கு வருகிறேன். கீழ் முனையை நான்தான் பிடிப்பேன்.

கோத்தகிரி மாமா:
பிடி பிடி. கீழே அட்டை ஜாஸ்தி. உப்பு எடுத்துட்டு வா.