ஸ்னேர் ஸ்ட்ரெய்னர்: 'வடிகட்டி' வேண்டாம், 'நரம்பிறுக்கி' சரியாக இருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்னேர் டிரம் என்பது கீழ்த்தோலின் குறுக்கே கம்பியோ இழையோ ஓடும் டிரம். அந்தக் கம்பிகள்தான் ஸ்னேர், அவற்றை இறுக்கும் அமைப்பு ஸ்ட்ரெய்னர். பழைய டிரம்களின் பாகங்களுக்குத் தமிழில் பெயர் வைக்கும் இந்த இழையில் வந்த பரிந்துரைகளில், ஸ்னேர் டிரம்முக்குச் சொன்ன 'கண்ணி முரசு', ஸ்ட்ரெய்னருக்குச் சொன்ன 'வடிகட்டி' இரண்டையும் முதலில் ஒதுக்கிவிடலாம். அகராதியைத் திறந்ததும் கண்ணில் படும் பொருளை வைத்து வந்தவை இவை. பறவை பிடிக்கும் கண்ணிக்கும் இந்த டிரம்முக்கும் சம்பந்தமே கிடையாது. டச்சு மொழியில் 'ஸ்னார்' என்றால் இசைக்கருவியின் தந்தி. ஸ்னேர் அந்த வழியில் வந்த சொல். ஸ்ட்ரெய்னரும் அப்படித்தான். டீ வடிப்பதை விட்டுவிட்டு, இழுத்து விறைப்பாக்குவது என்ற பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கருவியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு பேசுவோம். 1960களில் லட்விக் நிறுவனம் செய்த சுப்ராஃபோனிக் ஸ்னேர் டிரம் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்தால், கீழ்முகத் தோல் மேல்முகத்தைவிட மிக மெல்லியதாக இருப்பது தெரியும். அதன் குறுக்கே சுருள் எஃகுக் கம்பிகள் ஒரு பட்டையாக ஓடுகின்றன. பட்டையின் இரு நுனியிலும் கயிறோ பிளாஸ்டிக் நாடாவோ இருக்கும். அது தோலைப் பிடிக்கும் வளையத்தில் விட்ட வாசல் வழியாக வெளியே வந்து, டிரம்மை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், உடலின் பக்கவாட்டில் மேலே ஏறுகிறது. ஒரு பக்கத்தில் அதை அசையாத ஒரு தகடு கவ்வியிருக்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பதுதான் ஸ்ட்ரெய்னர்: உடலில் போல்ட் போட்ட அடித்தளம், அதில் மேலும் கீழும் நகரும் ஒரு கட்டை, கட்டையை நகர்த்தும் லீவர், நுணுக்கமாக இழுக்க ஒரு கைத்திருகு. லீவரைப் போட்டால் கட்டை சில மில்லிமீட்டர் மேலேறும். கயிறு டிரம்மின் கீழ்விளிம்பில் மடங்கித் திரும்புவதால், மேல்நோக்கிய அந்த இழுப்பு கம்பிகளைக் கீழ்த்தோலோடு சேர்த்து அழுத்துகிறது. மேலே அடித்தால் உள்ளே இருக்கும் காற்று கீழ்த்தோலைத் தள்ளும், கம்பிகள் தோலை விட்டு எகிறித் திரும்ப வந்து மோதும். நாம் கேட்கும் 'சர்ர்' அதுதான். லீவரை எடுத்துவிட்டால் கம்பிகள் தோலை விட்டு விலகிவிடும். அப்புறம் அது சாதாரண டிரம்.

ஆக, இதில் இரண்டு வேலை இருக்கிறது: இறுக்குவது, விடுவது. ஆங்கிலத்திலேயே ஸ்ட்ரெய்னர் (இறுக்குவது), த்ரோ-ஆஃப் (விடுவது) என்று இரண்டு பெயர் புழங்குகின்றன, கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்கிறார்கள். தமிழிலும் அந்தக் குழப்பத்தைக் கொண்டுவர வேண்டாம் என்பதே என் வாதம். வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ராணுவ டிரம்களில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால டிரம்கள் உட்பட, ஸ்ட்ரெய்னர் என்பது உடலில் பொருத்திய ஒரு கொக்கித் திருகு மட்டும்தான். விலங்குக் குடலில் முறுக்கிய இழைகளை அது இழுத்துப் பிடித்தது. சட்டென்று விடுவிக்கும் லீவர், அரங்கிலும் நடனக் கூடங்களிலும் வாசித்தவர்களுக்குத் தேவைப்பட்டபோது வந்த சேர்க்கை. முதல் வேலை இறுக்குவது. பெயரும் அதிலிருந்தே வரட்டும்.

என் பரிந்துரை: ஸ்னேர் – நரம்பு. ஸ்ட்ரெய்னர் – நரம்பிறுக்கி. லீவர் – விடுநெம்பு. ஸ்ட்ரெய்னருக்கு எதிர்ப்பக்கம் உள்ள அசையாத தகடு – நிலைப்பிடி.

'நரம்பு என்றால் உடம்பில் ஓடுவதல்லவா, எஃகுக் கம்பிக்கு எப்படிப் பொருந்தும்' என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். யாழின் தந்திக்கு நம் முன்னோர் சொன்ன பெயர் நரம்புதான். 'கம்பி' என்று வைத்தால் குடல் இழை போட்ட பழைய டிரம்களைப் பற்றிப் பேசும்போது மாட்டிக்கொள்வோம். நரம்பு என்றால் குடல் நரம்பு, பட்டு நரம்பு, சுருள் நரம்பு என்று எல்லாமே அடங்கும். ஸ்காட்லாந்து பைப் இசைக்குழு டிரம்களில் மேல்தோலுக்கு அடியிலும் தனியாக ஒரு ஸ்னேர் உண்டு. அதையும் மேல்நரம்பு, கீழ்நரம்பு என்று எளிதாகப் பிரிக்கலாம்.

ஸ்ட்ரெய்னருக்கு 'விசிப்பான்' என்று ஒரு ஐயா எழுதியிருந்தார். மிக அழகான சொல். சங்கப் பாடல்களில் முழவுக்கும் முரசுக்கும் 'விசி' வருகிறது. இறுக இழுத்துக் கட்டுவது என்று பொருள். ஆனால் அது தோலை இழுத்துக் கட்டும் வாருக்குரிய சொல். பழைய ராணுவ டிரம்களில் தோலை இழுத்துப் பிடிக்கும் கயிறு தனி, நரம்பை இழுக்கும் திருகு தனி. 'விசி'யை அந்தக் கயிற்றுக்கே வைத்துக்கொள்வோம். அங்கே அது அச்சாகப் பொருந்தும், இங்கே வீணாகிவிடும்.

லீவருக்கு வந்த 'விடுகோல்' என்பதையும் வேண்டாம் என்கிறேன். டிரம்மைப் பற்றிய பேச்சில் கோல் என்றால் அடிக்கும் கோல்தான் நினைவுக்கு வரும்.

இந்தப் பெயர்கள் தாங்குமா என்று பார்க்க, கொஞ்சம் கடினமான கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனத்தின் ரேடியோ கிங் டிரம்மில், ஜாஸ் டிரம்மர் ஜீன் குரூபா வாசித்தாரே அதில், நரம்புகள் உடலின் விளிம்பையும் தாண்டி இரு பக்கமும் நீளும். லட்விக்கின் சூப்பர்-சென்சிட்டிவ் டிரம்மில் விடுநெம்பைத் தள்ளினால் இரு முனையும் சேர்ந்தே இறங்கும், ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக இறுக்கவும் திருகு உண்டு. 'இணை நரம்பிறுக்கி' என்றால் போதும். அங்கே எதிர்ப்பக்கமும் அசைவதால் 'நிலைப்பிடி' என்று மட்டும் எழுதக் கூடாது.

உண்மையான சோதனை ரோஜர்ஸ் நிறுவனத்தின் டைனா-சோனிக். 1960களின் தொடக்கத்தில் வந்த இந்த டிரம்மில் நரம்புகள் தங்களுக்கென்று ஒரு உலோகச் சட்டத்துக்குள் நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். இறுக்கம் சட்டத்தில் உள்ள திருகால். பக்கவாட்டு அமைப்பு செய்வதெல்லாம் சட்டத்தைத் தோலின்மேல் வைப்பதும் எடுப்பதும்தான். மற்ற டிரம்களில் நரம்பைத் தளர்த்தினால் தோலின்மேல் அழுத்தமும் சேர்ந்தே குறையும், இறுக்கினால் ஒலி அமுங்கிப்போகும். டைனா-சோனிக் அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. அதனால் இங்கே சட்டத்தின் திருகையே 'நரம்பிறுக்கி' என்று சொல்லி, பக்கவாட்டு அமைப்பை 'சட்டந்தூக்கி' என்போம். வேலை இடம் மாறினால் பெயரும் கூடவே போகட்டும்.

இன்னொரு சொல்லுக்கும் முடிவெடுக்க வேண்டும்: நரம்பு கடக்கும் இரண்டு இடங்களிலும் டிரம்மின் கீழ்விளிம்பில் இறக்கியிருக்கும் தாழ்வு. 'பள்ளம்' என்று எழுதியிருந்தார்கள். பள்ளம் என்றதும் ஏதோ பழுது என்று தோன்றும், அதில்தான் ஆபத்து. பழைய டிரம்மைப் புதுப்பிக்கிறவர்கள் விளிம்பு சமமாக இல்லையே என்று தேய்த்து நேராக்கிவிடுகிறார்கள். அதன்பின் எவ்வளவு நல்ல நரம்பிறுக்கியைப் பூட்டினாலும் நரம்பு நுனிகள் தோலில் சரியாகப் படியாது, எங்கோ ஓர் ஓரத்தில் இரைந்துகொண்டே இருக்கும். அது வேண்டுமென்றே இறக்கிய இடம் என்று பெயரிலேயே தெரிய வேண்டும். நரம்புப்படுகை என்று வைத்து, 'தேய்க்கக் கூடாது' என்ற குறிப்பையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.