இன்டர்னலைக் கணினிக்கு மாற்றியதில் தேறியது பிள்ளைகளா, மார்க்கா?

காட்பாடி வேதியியல்:
இந்த செமஸ்டரில் எங்கள் கல்லூரியில் இன்டர்னல், அதாவது கல்லூரியே நடத்தி மார்க் போடும் தேர்வு, முழுக்கக் கணினித் தேர்வு. எனக்கு மகிழ்ச்சிதான். போன வருடம் வரை அறுபது விடைத்தாளை வீட்டுக்குத் தூக்கிப்போய் ராத்திரி திருத்துவேன். நாற்பதாவது தாளுக்கு மேல் யாருக்கு என்ன போட்டேன் என்று எனக்கே தெரியாது. இப்போது சாயங்காலமே மார்க் வந்துவிடுகிறது. வகுப்பின் சராசரியும் ஏறியிருக்கிறது. அப்புறம் ஏன் இத்தனை ஆசிரியர்கள் எதிர்க்கிறீர்கள்?

குடியாத்தம் கணக்கு:
ஏறாமல் என்ன செய்யும் சார்? நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, தப்புக்கு மைனஸ் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பத்து விழும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான நெட்டிலும் இதே கதைதான்: 150 கேள்வி, 300 மார்க், குத்துமதிப்பாக அடித்தாலே சுமார் 75.

ஒரு தொகையீட்டு (இன்டக்ரேஷன்) கணக்கு கொடுத்தேன். பையன் தொகையிடவே இல்லை. நாலு விடையையும் வகையிட்டு, அதாவது கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்து, பொருந்தியதை டிக் அடித்துவிட்டான். கெட்டிக்காரன்தான். ஆனால் நான் சோதிக்க நினைத்தது அதை இல்லையே!

காட்பாடி வேதியியல்:
அது கேள்வி எடுத்தவர் தப்பு. வரையறுத்த தொகையீடாகக் கொடுத்து, விடையை எண்ணாக அடிக்கச் சொல்லுங்கள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வில் அப்படிக் கேட்கிறார்களே.

குடியாத்தம் கணக்கு:
அப்போதும் மூன்றாவது வரியில் குறியைத் தவறவிட்டவனும், ஒன்றுமே தெரியாதவனும் ஒரே சைபர்தான். தாளில் என்றால் முன்னவனுக்கு ஐந்துக்கு மூன்று போடுவேன்.

ஆற்காடு தமிழ்த்துறை:
என் பாட்டைக் கேளுங்கள். உள்ளுறை உவமையை, அதாவது சங்கப் பாட்டில் இயற்கைக் காட்சிக்குள் வேறு பொருளை ஒளித்துச் சொல்வதை, விளக்கு என்று கேட்டேன். கையால் ஒரு மணி நேரத்தில் ஆறு பக்கம் எழுதுகிற பெண், விசைப்பலகையில் 'ழ' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் 'குறிஞ்சி நிலத்து மலை பொளிந்தது' என்று முடித்திருக்கிறாள். இதற்கு நான் மார்க் குறைக்கணுமா, வேண்டாமா?

வேலூர் லேப்காரன்:
நான் வாத்தியார் இல்லை, கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். ஐம்பதில் ஏழு ஓடாது, அதனால் இரண்டு பேட்ச். கேள்வி இரண்டுக்கும் ஒன்றே. முதல் பேட்ச் வெளியே வந்ததும் வராண்டாவில் என்ன நடக்கிறது என்று ஒருநாள் வந்து பாருங்கள். சராசரி ஏறியதில் வராண்டாவுக்கும் பங்கு உண்டு.

காட்பாடி வேதியியல்:
தாள் மட்டும் யோக்கியமா? 2024 ஜூன் 18 அன்று நெட்டைத் தாளில் நடத்தினார்கள், மறுநாளே ரத்து. மறுதேர்வு கணினியில்தான் நடந்தது. ஆனாலும் சரி, சராசரியைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வராண்டா எனக்குத் தோன்றவே இல்லை.

குடியாத்தம் கணக்கு:
பத்து மார்க்கையாவது தாளுக்கு விடச் சொல்லி எங்கள் துறைத்தலைவரிடம் கேட்கப் போகிறேன். உங்கள் கல்லூரியில் நீங்களும் கேட்பீர்களா?

காட்பாடி வேதியியல்:
பத்து என்றால் கேட்கிறேன். இருபது என்றால் திருத்த நீங்கள் காட்பாடிக்கு பஸ் ஏறணும்.