லீன் பயிற்சிக்கு சூப்பர்வைசர் மட்டும் போனால் போதுமா?

பனியன்காரன்:
திருப்பூரில் 90 மெஷின் ஓடும் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். முதலாளி லீன் பயிற்சிக்கு, அதாவது விரயத்தைக் குறைத்து வேலை செய்யும் முறையைப் படிக்க, ஆள் அனுப்பலாம் என்கிறார், ஆனால் லைன் சூப்பர்வைசர் நாலு பேர் மட்டும்தானாம். இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி போய் வந்தவர்கள் 5எஸ் (வேலையிடத்தை ஒழுங்காக வைக்கும் முறை) என்று தையல் பக்கம் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள், கட்டிங்காரர்கள் அந்தக் கோட்டு மேலேயே பண்டிலை (வெட்டிய துணிக்கட்டை) இறக்கினார்கள், பாவம் அவர்களுக்கு யாருமே எதுவும் சொல்லவில்லை. ஒரே மாதத்தில் டேப் கிழிந்து போச்சு. இந்தத் தடவை கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கலாமா? ஷிப்மெண்ட் நேரத்தில் லைனை நிறுத்த முடியுமா என்பது வேறு கவலை.

கட்டிங் டேபிள்:
எல்லாரும் வேண்டாம். ஒரே ஸ்டைலை (ஒரு டிசைன் ஆர்டரை) கைமாற்றி அனுப்புகிறவர்களில் எட்டுப் பத்துப் பேர் போதும், ஆனால் ஸ்டோர்காரரும், ஆர்டரைக் கவனிக்கும் மெர்சண்டைசரும் கட்டாயம் வேண்டும். வகுப்பறை வேண்டாம், ஒரு பண்டிலில் அட்டையைக் கட்டி, ஒவ்வொரு இடத்திலும் வந்த நேரம், போன நேரம் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் போலோ டீ-சர்ட்டுக்கு இதைச் செய்தபோது பண்டில் ஒன்றரை நாள் மெஷின் பக்கத்தில் சும்மா கிடந்தது தெரிந்தது. "நான் அன்றைக்கே கொடுத்தாச்சு" என்றார் கட்டிங் மாஸ்டர். "பாடி கொடுத்தீங்க, காலர் எங்கே?" என்றார் சூப்பர்வைசர். வெளியே ஜாப்வொர்க்குக்குக் கொடுத்த இடத்தில் இருந்து காலர் வருவதற்கு முன்னாலேயே பாடியை வெட்டித் தள்ளியிருக்கிறோம், அது மெர்சண்டைசருக்கே அப்போதுதான் தெரியும்! டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ ஏழு விரயங்களில் மோசமானது என்று சொன்னது இதைத்தான், தேவைக்கு முன்னால் செய்து குவிப்பது.

பேட்லாக் டெய்லர்:
நான் டெய்லர், எங்களையும் கூப்பிட்டால் சந்தோஷம்தான். ஆனால் பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) என்ன ஆகும் என்று முதலில் சொல்லுங்கள். ஸ்டாப்வாட்சோடு ஒருத்தர் வந்து நின்றாலே ரேட்டைக் குறைக்கப் போகிறார்கள் என்று கையை மெதுவாகத்தான் ஓட்டுவோம், முன்னால் இருந்த கம்பெனியில் அப்படியே குறைத்தார்கள். பயிற்சி நேரத்துக்கும் கூலி வேண்டும். அப்புறம் டெய்லருக்கு உதவும் கைமடி பெண்களை விட்டுவிடாதீர்கள், எந்த மெஷினில் பீஸ் தேங்குகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
செலவுக்கு ஒன்றிய அரசின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) லீன் திட்டத்தைப் பாருங்கள், 2023 மார்ச்சில் புதுப்பித்தார்கள். ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதம் அரசு தரும் என்று அறிவித்தார்கள். அதற்கு உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு வேண்டும். இப்போதைய விதிகளைப் போர்ட்டலில் ஒரு தடவை பார்த்துவிட்டு முதலாளியிடம் பேசுங்கள்.

பனியன்காரன்:
நன்றி. சரி, லைனை நிறுத்தாமல் ஒரே ஒரு ஸ்டைலில் அட்டை கட்டி ஆரம்பிக்கிறேன். ரேட் குறையாது என்பதை நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், சனிக்கிழமை சம்பளம் போடும்போது முதலாளியே சொல்வாரா என்று கேட்டுப் பார்க்கிறேன். மெர்சண்டைசரை ஃப்ளோருக்கு இறக்குவதுதான் பெரிய வேலை.